நாளைக்குன்னு தள்ளாதீங்க

செப்டம்பர் கண்காட்சி ஊர்வலத்தில் யார் எங்கே போவது என்பதற்கு டோலிவர் கவுண்டி என்ற அமெரிக்க மாவட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதலில் கொடி, அடுத்து தீயணைப்பு வண்டி. அதன் பின்னால் பெரிய கட்சி வேட்பாளர்கள் திறந்த காரில் நின்று மிட்டாய் வீசிக்கொண்டு போவார்கள். பிறகு பள்ளிக்கூடத்து பேண்டு, டிராக்டர்கள், குதிரைச் சங்கத்துக்காரர்கள். சிறு கட்சிக்காரர்களுக்குக் கடைசி இடம், குதிரைகளுக்கும் பின்னால். காலையில் தின்றதைக் குதிரைகள் எங்கே விட்டுவிட்டுப் போகும்? நடுத்தெருவில்தான். கவர்னர் பதவிக்குப் போட்டியிடும் வெல்டா புரூவிட் ஜனங்களைப் பார்த்துக் கையாட்டுவாள், உடனே குனிந்து தரையைப் பார்ப்பாள், பிறகு காலை எடுத்து வைப்பாள்.

அவள் புருஷன் டாயில் பின்னால் பழைய பிக்கப் வண்டியை நத்தை வேகத்தில் ஓட்டிவந்தான். வண்டியின் மேல் ஒட்டுப்பலகையில் அறுத்துப் பச்சை அடித்த ஓர் ஆமை.

"கவர்னரம்மா, இடது பக்கம் பாத்து வை" என்றான் ஜன்னல் வழியாக.

வெல்டா சிரித்துவிட்டாள். மகன் போன பிறகு டாயில் கேலியாகப் பேசிய முதல் பேச்சு அது.

அவளுடைய கட்சிக்குத் தனிவழிக் கட்சி என்று பெயர். சின்னம் ஆமை என்பதால் எல்லாருக்கும் அது ஆமைக் கட்சிதான். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நாம் சொல்வதில்லையா? ஆமை புகுந்த ஓட்டுச்சீட்டும் அப்படித்தான் என்பது அந்த மாநிலத்தின் இரண்டு பெரிய கட்சிகளான யானைக் கட்சியும் கழுதைக் கட்சியும் ஒன்றாக ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். அப்போது ஆட்சியில் இருந்தது யானையா கழுதையா என்று கேட்காதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெல்டாவுக்கு அரசியல் ஆசை எதுவும் கிடையாது. இருபது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒரே மகன் கோல்பி. பத்து வயதிலிருந்து சர்க்கரை வியாதி, வேளாவேளைக்கு இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். இருபத்தாறு வயதில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனைப் பிடித்துக் கவுண்டிச் சிறையில் போட்டார்கள். வண்டியின் பின்விளக்கு உடைந்திருந்த கேஸுக்கு அவன் கோர்ட்டுக்குப் போகவில்லை. மறந்துவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். ஊசி வேண்டும் என்று கேட்டிருக்கிறான். நர்ஸ் நாளைக்கு வருவாள் என்றார்கள்.

சனிக்கிழமை வெல்டா சாப்பாட்டுக் கூடையில் ஐஸ் போட்டு மருந்தை எடுத்துக்கொண்டு சிறைக்கு ஓடினாள். வெளி மருந்து உள்ளே போகக்கூடாது, விதி அப்படி என்றான் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன். மரியாதையாகத்தான் சொன்னான். "நாளைக்கு வாங்கம்மா, பெரியவர் இருப்பாரு." அவளும் சரி என்று திரும்பி வந்துவிட்டாள். கத்தியிருக்கலாம், கதவை உடைத்திருக்கலாம், அங்கேயே தரையில் படுத்துப் புரண்டிருக்கலாம். சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு கூடையோடு வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கோல்பி போய்விட்டான்.

கவுண்டிக்காரர்கள் தங்களைத் தாங்களே விசாரித்து, தவறு ஏதும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். திருடனைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லச் சொன்ன கதை. அதற்கு மேல் தனி விசாரணை வைக்க அதிகாரம் இருந்தது கவர்னருக்கு மட்டும்தான். வெல்டா இரண்டு பெரிய கட்சி ஆபீஸ்களுக்கும் ஏறி இறங்கினாள். இரண்டு இடத்திலும் காபி கொடுத்தார்கள், இரண்டு இடத்திலும் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்கள். பிறகு தேர்தல் முடியட்டும் என்றார்கள். நாளைக்கு என்பதைக் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சொன்னால் அப்படித்தான் வரும்.

ஆமைக் கட்சியின் மாநிலச் செயலாளர் மெர்ல் ஸ்டான்ஃபில் மட்டும் வேறு மாதிரி பேசினார். எழுபதைத் தாண்டியவர். பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தவர். கட்சியின் பெயர் ஓட்டுச்சீட்டில் வர வேண்டும் என்று பதினோரு வருஷம் மளிகைக்கடை வாசல்களில், தார் உருகும் வெயிலில், அட்டையும் பேனாவுமாக நின்று கையெழுத்து வாங்கியவர். போன தேர்தலில்தான் அந்த இடம் கிடைத்திருந்தது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாடு ஒரு பீட்சா கடையின் பின்னறையில் நடந்தது. வந்தவர்களைவிட பீட்சா அதிகம்.

"உனக்குப் பொய் சொல்ல மாட்டேன் வெல்டா. தோக்குறதுக்குத்தான் ஆள் தேடறேன்" என்றார் மெர்ல். "ஆனா நூத்துக்கு மூணு ஓட்டு வந்துட்டா நம்ம பேரு சீட்டுல நிலைக்கும். வரலன்னா அழிச்சுருவாங்க. மறுபடி கடைவாசல். இன்னொரு பதினோரு வருஷம் நிக்க எனக்குக் காலு இல்ல."

"மேடையில என் பையன் பேரச் சொல்லலாமா?" என்று கேட்டாள் வெல்டா.

"எல்லா மேடையிலயும் சொல்லு."

அவள் கேட்டது அது ஒன்றுதான். கோல்பி எப்படிச் செத்தான் என்று யாராவது சத்தியம் செய்து, ஜனங்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அடுத்த பிள்ளைக்கு அது நடக்கக்கூடாது. கவர்னர் நாற்காலியெல்லாம் யாருக்கு வேண்டும்?

டிவி விவாதத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. மூன்றாவது நாற்காலி போட மேடையில் இடம் போதாதாம். பரவாயில்லை என்று துணி துவைக்கும் கடைகளுக்குப் போனாள். மெஷினில் துணி சுற்றும் வரை அங்கே எல்லாரும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், எழுந்து ஓட முடியாது. சிறையில் தம்பி, சிறையில் புருஷன், சிறையில் மகள் என்று பாதிப் பேருக்கு ஒரு கதை இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரே வார்த்தை சொல்வாள்.

"நாளைக்குன்னு தள்ளாதீங்க. என் பையன நாளைக்குன்னு சொல்லியே கொன்னாங்க. கோர்ட்டுக் கட்டடத்துல இப்பவே ஓட்டு வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. தேர்தல் தேதி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இன்னிக்கே வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடி கூட்டிக்கொண்டும் போனாள். பஸ் வேலை முடிந்ததும் டாயில் வண்டியை எடுப்பான். ஈரத்துணிக் கூடையோடு பெண்கள் ஏறிக்கொள்வார்கள். முன்கூட்டியே ஓட்டுப் போடுவதெல்லாம் பெரிய கட்சிகளின் வசதியானவர்கள் செய்கிற காரியம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 'நாளைக்கு' என்கிற அந்தப் பேச்சு அவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. மற்ற கவுண்டிகளிலும் சிறைக்குப் பிள்ளையைக் கொடுத்த தாய்மார்கள் ஆமைப் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நம்பிக்கை வைக்கவே பயமாக இருக்கிறது என்று மெர்ல் போனில் சொன்னார்.

தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எதிர்க்கட்சியிலிருந்து பிரெண்ட் என்று ஒருவன் வந்தான். கவர்னர் வேட்பாளர் ஹாலிஸ் டென்பியின் தேர்தல் வேலையை நடத்துகிறவன். சமையலறையில் உட்கார்ந்து வெல்டா சுட்ட பெக்கான் பருப்பு இனிப்பில் இரண்டு துண்டைத் தின்றுவிட்டு விஷயத்துக்கு வந்தான். பெரிய கட்சிகள் இரண்டும் சரிசமமாக ஓடுகின்றன. ஆமைக்கு விழுகிற ஓட்டெல்லாம் டென்பிக்கு வரவேண்டிய ஓட்டு. சீட்டு அச்சாகிவிட்டது, பெயரை இனி எடுக்க முடியாது. அதனால் நாளைக் காலை டென்பியின் மேடையில் ஏறி, எனக்குப் போடாதீர்கள், இவருக்குப் போடுங்கள் என்று அவள் சொன்னால் போதும்.

"அதுல எனக்கு என்ன?" என்றாள் வெல்டா.

பிரெண்ட் போனை மேஜையில் வைத்தான். டென்பியே பேசினார். "மிஸஸ் புரூவிட், நான் பதவியேத்த அன்னிக்கு முதல் கையெழுத்து சிறை விசாரணைக்குத்தான். கோல்பி ரே புரூவிட்டுன்னு அவன் பேரச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்."

ரே என்பது டாயிலின் அப்பா பெயர். அதையும் சேர்த்து முழுப்பெயராக ஒரு பெரிய மனிதர் வாயால் கேட்டதும் வெல்டா போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். டாயில் எழுந்து பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டான். டென்பி சொன்னதைச் செய்திருப்பாரா என்பது இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. குரலில் பொய் தெரியவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பிரெண்ட் போன பிறகு டாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஏற்கெனவே உனக்குப் போட்டவங்க?"

"நாம வண்டியில ஏத்திட்டுப் போன கொஞ்சப் பேருதானே" என்றாள் வெல்டா.

பிரெண்டும் அதைக் கேட்கவில்லை. ஆமைக்காக வரிசையில் நின்று முன்கூட்டியே ஓட்டுப்போட யாராவது இருப்பார்கள் என்று அவன் கனவிலும் நினைத்திருக்கமாட்டான். மாநிலம் முழுக்க எத்தனை சலவைக்கடைகளில் அவளுடைய வார்த்தை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

வெல்டா ஒத்துக்கொண்ட செய்தி கேள்விப்பட்டு மெர்ல் அன்று ராத்திரியே மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மூணு வந்துரும் வெல்டா. நெருங்கிட்டோம். நாலே நாள் பொறு."

"எனக்குக் கட்சி வேணாம் மெர்ல். ஒரு விசாரணை வேணும். அவரு தரேங்கறாரு."

"தராம போனா?"

"நீங்க மூணு வாங்கினா மட்டும் என் பையனுக்கு என்ன வந்துரும்? இன்னொரு தேர்தல் வரும். அதுக்குள்ள அந்த ஜெயில்ல எத்தன பேரு சாவான்? கெடச்சத இன்னிக்கே வாங்கிக்கறேன்."

நாளைக்குன்னு தள்ளாதே என்று ஊரெல்லாம் சொன்னவள் வேறெப்படிச் சொல்வாள்? மெர்லுக்கும் அது புரிந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். காருக்குள் ஏறி ரொம்ப நேரம் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். வெல்டா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷ உழைப்பு தன்னால் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவரைப் போய்க் கூப்பிடவில்லை.

மறுநாள் ஒரு பள்ளிக்கூட விளையாட்டரங்கில் மேடை ஏறினாள். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காத பெரிய கட்சிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரோ பூங்கொத்துக் கொடுத்தார்கள். "எனக்குப் போடாதீங்க" என்று மைக்கில் சொன்னபோது அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி அவள் காதுக்கே வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் சலவைக்கடைப் பெண்கள் இரண்டு பேர் கையிலிருந்த ஆமைப் பலகையை மெதுவாகக் கீழே இறக்கினார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க வெல்டாவால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளே போய் டென்பிக்கு ஓட்டுப் போட்டாள். அச்சடித்த சீட்டில் தன் பெயர் மூன்றாவதாக இருந்தது. புரூவிட் என்று தன் குடும்பப் பெயரை அப்படி ஒரு காகிதத்தில் அவள் அதுவரை பார்த்ததில்லை. கோல்பி பார்த்திருந்தால் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டியிருப்பான். அதைத் தாண்டிப் போய் டென்பி பெயருக்கு நேரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கினாள். பிறகு சீக்கிரமே படுத்துக்கொண்டாள், காலையில் பஸ் ஓட்ட வேண்டும்.

முடிவை பஸ் ரேடியோவில்தான் கேட்டாள். பின்னால் பிள்ளைகள் காகிதம் எறிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். டென்பி தோற்றுவிட்டார். நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில். வெல்டா புரூவிட்டுக்கு இருபத்தாறாயிரம். அதில் பெரும்பாலும் முன்கூட்டியே போட்டவை, அவள் விலகுவதற்கு முன்னால் விழுந்தவை என்று சொன்ன அறிவிப்பாளன், இந்த மாநிலத்தில் எந்தச் சிறு கட்சியும் இவ்வளவு ஜோராக முன்கூட்டியே ஆள் திரட்டியது கிடையாது என்று பாராட்டவும் பாராட்டினான். ஆனாலும் நூற்றுக்கு மூன்று வரவில்லை, அதனால் தனிவழிக் கட்சி ஓட்டுச்சீட்டில் இடத்தை இழக்கிறது என்று முடித்துவிட்டு வானிலைக்குப் போனான்.

அவளால் வண்டியை நிறுத்த முடியவில்லை. அடுத்த வீட்டு வாசலில் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. அதற்கடுத்த வாசலில் இன்னொன்று. ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தினாள், கதவைத் திறந்தாள், பெயர் சொல்லிக் குட்மார்னிங் சொன்னாள், கதவைச் சாத்தினாள். டென்பியைத் தோற்கடிக்க அவளுக்கு விழுந்த ஓட்டு தாராளமாகப் போதும். மெர்லைக் காப்பாற்ற அது போதவில்லை. மேடை ஏறாமல் இருந்திருந்தால் மெர்லாவது பிழைத்திருப்பார். சலவைக்கடைக்குப் போகாமல் இருந்திருந்தால் விசாரணையாவது வந்திருக்கும். இரண்டையும் செய்தாள், இரண்டையும் மனசாரச் செய்தாள். அடப் பாவமே, ஒரு மனுஷி இதைவிட என்னதான் செய்வது?

மதியம் பிரெண்ட் கூப்பிட்டான். ஒரு வாரம் முன்னாலேயே உன்னிடம் வந்திருக்க வேண்டும் என்றான். அவன் தன்னைத்தான் நொந்துகொண்டான், ஆனால் வெல்டாவுக்கு அது செருப்படியாக விழுந்தது. மெர்லுக்கு அவளே போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. ஒருநாள் அவருடைய அட்டைகளும் பேனாக்களும் ஒரு பெட்டியில் கட்டி அவள் வீட்டு வாசலில் வைக்கப்பட்டிருந்தன. சீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை. டாயில் அதை எடுத்துக்கொண்டு போய்க் கோல்பியின் அறையில் வைத்தான்.

ஜனவரியில் பழைய கவர்னரே மறுபடி பதவியேற்றார். சிறை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டது. நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண், கோழி வெட்டும் ஆலையின் சீருடைச் சட்டை. டோனிட்டா மேஸ் என்று பெயர் சொன்னாள். பக்கத்து ஊர். உள்ளே வந்து உட்காரும் வரை தாங்கினாள், உட்கார்ந்ததும் அழுதாள். அவள் மகனுக்கு வயது பத்தொன்பது, வலிப்பு நோய். பிப்ரவரியில் அதே சிறை. மாத்திரை கேட்டிருக்கிறான்.

"நாளைக்குன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள் வெல்டா. கேட்க வேண்டியதே இல்லை.

டோனிட்டா தலையாட்டினாள். டாயில் எழுந்து காபி போடப் போனான்.

"உங்கள எனக்குத் தெரியும்" என்றாள் டோனிட்டா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "சலவைக்கடையில பேசினீங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்கன்னு சொன்னீங்களே, மறுநாளே போய் உங்களுக்குப் போட்டேன். என் பையனயும் கூட்டிட்டுப் போனேன். அவனுக்கு அதான் முதல் ஓட்டு. அப்புறம் நீங்க ஒதுங்கிட்டதா சொன்னாங்க. நல்லவேள, முன்னாடியே போட்டுட்டோம்னு சந்தோஷப்பட்டோம். அந்த ரெண்டு ஓட்டும் வீணாகலைல்ல?"

சமையலறையில் டாயில் கையிலிருந்த கரண்டியை அப்படியே நிறுத்தினான்.

இந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது? நீயும் உன் பிள்ளையும் போட்ட ஓட்டு, உன்னைப்போல ஆயிரக்கணக்கானவர்கள் என் பேச்சைக் கேட்டு அவசரமாகப் போட்ட ஓட்டு, உன் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே மனிதரைத் தோற்கடித்தது என்று சொல்வதா? சோம்பேறித்தனமாகத் தேர்தல் நாள்வரை நீங்கள் இருந்திருந்தால் அவன் ஒருவேளை இன்றைக்கு உயிரோடு இருப்பான் என்று சொல்வதா?

"வீணாகல" என்றாள் வெல்டா.

"அடுத்த வாட்டி நீங்க நிக்கணும். நான் வீடுவீடாப் போறேன். என் பையன் பேரயும் சேத்துச் சொல்லுங்க."

அடுத்த முறை சீட்டில் ஆமை கிடையாது. மெர்ல் மறுபடி வெயிலில் நிற்கப்போவதில்லை. பேட்டைக்குப் பேட்டை பேசியும் அன்று வரை ஒரு பொய் வாக்குறுதிகூடக் கொடுக்காத வேட்பாளர் வெல்டா. மாநிலத்திலேயே அப்படி ஒருத்திதான் இருந்தாள்.

"நிக்கறேன்" என்றாள். "உன் பையன் பேரு என்ன, முழுசாச் சொல்லு."

டோனிட்டா சொன்னாள். டாயில் மூன்று கோப்பைகளையும் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தான்.